சாவி யாருகிட்ட இருக்கு?

முன்குறிப்பு: இது ஆணி சம்பந்தப்பட்ட பதிவு. பொட்டி தட்டாத மக்களும் பயப்படாம படிக்கலாம், புரியற மாதிரிதான் எழுதப் போறேன். கொஞ்சம் காரமா இருக்கும். திண்டுக்கல்காரன் பதிவு, காரம் இல்லாம எப்படி :-)

போன வாரம் காலேஜ் ஜூனியர் ஒருத்தன் போன் பண்ணினான்.

"அண்ணே, நாங்க அஞ்சு பேர் சேர்ந்து ஒரு ப்ராடக்ட் பண்றோம். சி.ஐ. சர்வர் வைக்கணும். ஜென்கின்ஸா, கிட்லேபா, கிட்ஹப் ஆக்‌ஷன்ஸா? எதுண்ணே பெஸ்ட்டு?"

"அதை யாருடா பாத்துக்கப் போறது?"ன்னு திருப்பிக் கேட்டேன்.

"எதைண்ணே?"ன்னான்.

அந்த 'எதை'க்குத்தான் இந்தப் பதிவு.

*

சி.ஐ.ன்னா என்னன்னு கேக்கறவங்களுக்கு ஒரு பாரா. தெரிஞ்சவங்க தாண்டிப் போகலாம்.

அஞ்சு பேர் சேர்ந்து ஒரு மென்பொருள் எழுதறாங்க. ஆளுக்கு ஒரு மூலையில உக்காந்து எழுதி, எல்லாத்தையும் ஒரே இடத்துல கொண்டு வந்து சேக்கறாங்க. அப்படிச் சேக்கற ஒவ்வொரு தடவையும் ஒரு பொட்டி மொத்தத்தையும் எடுத்து, கட்டிப் பாத்து, எழுதி வெச்ச சோதனைகளையெல்லாம் ஓட்டி, சரியா இருந்தா பச்சை, இல்லேன்னா சிவப்புன்னு சொல்லும். கல்யாண வீட்டுல பந்தி போடறதுக்கு முன்னாடி சமையல்காரர் ஒரு கரண்டி எடுத்து உப்பு பாக்கறார் பாருங்க, அதே வேலைதான். இந்தப் பொட்டிக்குப் பேருதான் சி.ஐ. சர்வர்.

இதுல ரொம்பப் பேர் பயன்படுத்தற ஜென்கின்ஸோட கதை சின்னதா. சன் மைக்ரோசிஸ்டம்ஸ்ல வேலை பாத்த கோசுகே கவாகுச்சி 2004ல இதை எழுத ஆரம்பிச்சார். தான் எழுதின கோடு அடிக்கடி பில்டை உடைச்சு, டீம் மக்கள்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டதுதான் காரணமாம். மத்தவங்க கண்டுபிடிக்கறதுக்குள்ள நாமளே கண்டுபிடிச்சுடணும்னு எழுதினது. அப்ப அதுக்குப் பேர் ஹட்சன். 2010ல சன்னை ஆரக்கிள் வாங்கினதும் பேர் யாருக்குச் சொந்தம்னு சண்டை வந்து, 2011ல ஜென்கின்ஸ்னு பேர் மாத்திக்கிட்டு வெளிய வந்தாங்க.

ஒண்ணைக் கவனிங்க. இந்த சர்வர் பிறந்ததே ஒருத்தர் 'என் தப்பை நான் பாத்துக்கறேன்'னு பொறுப்பு எடுத்துக்கிட்டதாலதான். இப்ப நம்ம ஆளுங்க கையில அது 'யாரோ பாத்துப்பாங்க' பொட்டியா ஆகிப்போச்சு. என் கோவமே அதுதான்.

*

இனி சொந்தக் கதை, சோகக் கதை.

முன்னாடி நான் இருந்தது ஒரு சின்ன கம்பெனி. பேர் வேண்டாம். ஆபீஸ் வேற ஊர்ல, நான் திண்டுக்கல்ல வீட்டுல இருந்தே வேலை. அங்க ஒரு பழைய டெஸ்க்டாப், மேசைக்கு அடியில, மேல 'அணைக்காதீர்கள்'னு செலோடேப் போட்டு ஒட்டின ஒரு பேப்பர். அதுதான் எங்க ஜென்கின்ஸ். நிறுவினவர் வேலையை விட்டுப் போய் ரெண்டு வருசம். பாஸ்வேர்டு எல்லாருக்கும் தெரியும். பொறுப்பு யாருக்கும் கிடையாது.

ஒரு நாள் எல்லா பில்டும் சிவப்பு. ஆளாளுக்குத் தன் கோடைத் தோண்டினோம். அரை நாள் போச்சு. கடைசியில பாத்தா ஹார்ட் டிஸ்க் ரொம்பிடுச்சு. 'பழைய பில்டுகள்ல கடைசி முப்பதை மட்டும் வெச்சுக்கோ, மத்ததைத் தூக்கிப் போடு'ன்னு ஒரு கட்டம் இருக்கு. அதை டிக் பண்ணியிருந்தா போதும். ரெண்டு வருசக் குப்பை அப்படியே கிடந்துச்சு.

டேமேஜர் என்ன பண்ணியிருக்கணும்? ஒரு ஆளைக் கூப்பிட்டு, 'தம்பி, இனிமே இது உன் பொறுப்பு, வாரம் ஒரு மணி நேரம் இதுக்குன்னு ஒதுக்கிக்கோ'ன்னு சொல்லியிருக்கணும். அதைச் செய்யலை. மீட்டிங் போட்டார். ரெண்டு மணி நேரம். பதினாலு காலம் வெச்ச எக்செல் ஷீட். விலை, வேகம், பிளக்-இன், டாக்கர் உண்டா, மொபைல்ல தெரியுமான்னு எல்லாத்துக்கும் ஒரு காலம். 'யார் பாத்துக்கறது'ங்கிறதுக்கு மட்டும் காலம் இல்லை. நானும் அந்த மீட்டிங்ல இருந்தேன், நானும் கேக்கலை. அதையும் ஒத்துக்கறேன்.

முடிவு: ஜென்கின்ஸ் பழசு, அதைத் தூக்கிடலாம். மாச வாடகைக்கு ஒரு மேகச் சேவை. எல்லாரும் கை தட்டினோம்.

*

அந்த நேரத்துலதான் வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லுக்கு பில்லிங் மென்பொருள் போட்டிருந்தோம். மார்ச் முதல் வாரம் ஓட ஆரம்பிச்சுச்சு. மில்லுன்னா மூணு ஷிப்ட். ராத்திரி ரெண்டு மணிக்கும் லாரி ஏறும், பில் போடுவாங்க.

எங்க புது சி.ஐ.ல தினமும் ராத்திரி ரெண்டு மணிக்கு எல்லாச் சோதனையும் ஒரு தடவை ஓடும். காலையில மெயில் வரும்: சிவப்பு. ஒரே ஒரு சோதனை மட்டும் ஃபெயில். 'இன்னைக்குப் போட்ட பில்லுல இன்னைக்குத் தேதி இருக்கணும்'ங்கிற சோதனை. ஒன்பதரை மணிக்கு யாராவது 'மறுபடி ஓட்டு' பட்டனை அமுக்குவோம். பச்சை. டீ குடிக்கப் போயிடுவோம். "அந்த டெஸ்ட் அப்படித்தான் பாஸ், சும்மா சும்மா ஃபெயில் ஆகும்"னு புதுசா சேந்த பையனுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

நாலு வாரம் இப்படியே ஓடுச்சு.

ஏப்ரல் ரெண்டாவது வாரம் ஜி.எஸ்.டி. கணக்கு அனுப்பற நேரத்துல மில் அக்கவுண்டன்ட் சார் பிடிச்சார். ஏப்ரல் 1ஆம் தேதி விடியறதுக்கு முன்னாடி போட்ட பதினோரு பில்லு, மார்ச் 31ன்னு தேதி போட்டு, போன நிதியாண்டு வரிசை எண்ணுல கிடக்கு. சரக்கு கிளம்பினது இந்த வருசம், பில்லு போன வருசம். ஒவ்வொண்ணா ரத்து பண்ணி, வாங்கினவங்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லி, மறுபடி போட்டு முடிக்க அவருக்கு ரெண்டு நாள் ஆச்சு.

ஆனா அக்கவுண்டன்ட் சார் முதல்ல பிடிச்சது எங்களை இல்லை. ராத்திரி ஷிப்ட் டெஸ்பாட்ச் கிளார்க்கை. "தேதியை எதுக்குய்யா மாத்தினே?"ன்னு ஆபீஸ் முன்னாடி நிக்க வெச்சுக் கேட்டிருக்காங்க. அம்பது வயசுக்கு மேல இருக்கும் அவருக்கு. நான் மில்லுக்குப் போனப்ப என்கிட்ட வந்து மெதுவா சொன்னார்: "தம்பி, நான் தேதியைத் தொடவே இல்லை தம்பி. அது தானா வந்துச்சு."

அது தானாத்தான் வந்துச்சு. மேக சர்வர் எல்லாம் யு.டி.சி. நேரத்துல ஓடும். நம்ம நேரம் அதுக்கு அஞ்சரை மணி முன்னாடி. அதனால நம்ம ஊர்ல நடுராத்திரி பன்னெண்டுல இருந்து காலையில அஞ்சரை வரைக்கும் சர்வருக்கு இன்னும் நேத்துதான். எங்க கோடு சர்வர் தேதியை எடுத்துச்சு, சோதனை இந்தியத் தேதியை எதிர்பாத்துச்சு. எங்க லேப்டாப்ல ரெண்டும் ஒண்ணு, அதனால அங்க எப்பவும் பச்சை. பகல்ல சி.ஐ.லயும் ரெண்டும் ஒண்ணு, அங்கயும் பச்சை. ராத்திரி ரெண்டு மணிக்கு மட்டும் சிவப்பு. மூணாவது ஷிப்டை மில்லுல முந்தின நாள் கணக்குலதான் சேப்பாங்க, அதனால மார்ச் முழுக்க யாருக்கும் உறுத்தலை. வருசம் மாறினப்பதான் வெட்ட வெளிச்சமாச்சு.

பொட்டி நாலு வாரமா தினம் காலையில மெயில் போட்டு உண்மையைச் சொல்லிக்கிட்டு இருந்துச்சு. நாங்க பட்டனை அமுக்கி அது வாயை மூடினோம். திட்டு வாங்கினது மில் கிளார்க்.

பழைய டெஸ்க்டாப்பை மாத்திட்டோம், பதினாலு காலம் பாத்துப் புது சேவை வாங்கிட்டோம். வியாதி மட்டும் கூடவே வந்துடுச்சு.

*

எங்களால கெட்டது பதினோரு பில். 2024 ஜூலையில நடந்தது இதைவிடப் பல மடங்கு பெருசு.

2024 ஜூலை 31 அன்னைக்கு என்.பி.சி.ஐ. ஒரு அறிவிப்பு விட்டுச்சு. சி-எட்ஜ் டெக்னாலஜீஸ்ங்கிற நிறுவனத்தை ரான்சம்வேர் தாக்கியிருக்கலாம், அதனால பணப் பரிமாற்ற வலையில இருந்து தற்காலிகமா பிரிச்சு வெச்சிருக்கோம்னு. சி-எட்ஜ் யாருன்னா டி.சி.எஸ்.ஸும் ஸ்டேட் பாங்க்கும் சேர்ந்து நடத்தற கம்பெனி. கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் தொழில்நுட்பம் கொடுக்கறவங்க. நாடு முழுக்கச் சுமார் 300 சின்ன வங்கிகளோட வாடிக்கையாளர்களுக்கு யு.பி.ஐ. உட்பட எதுவும் வேலை செய்யலைன்னு செய்தி வந்துச்சு. மறுநாள் ஆகஸ்ட் 1ஆம் தேதிதான் இணைப்பு திரும்பிச்சு.

எப்படி நுழைஞ்சாங்க? பெங்களூரு கிளவுட்செக் நிறுவனம் வெளியிட்ட அறிக்கைப்படி, சி-எட்ஜோட சேர்ந்து வேலை செஞ்ச ப்ரோன்டூ டெக்னாலஜி சொல்யூஷன்ஸ்ங்கிற கம்பெனியில, சரியா அமைக்காம விட்ட ஒரு ஜென்கின்ஸ் சர்வர் வழியா. பயன்படுத்தின ஓட்டைக்கு சிவிஇ-2024-23897ன்னு நம்பர்.

இந்த ஓட்டை என்னன்னு தெரிஞ்சா வயிறு எரியும். ஜென்கின்ஸுக்கு தூரத்துல இருந்து கட்டளை கொடுக்க ஒரு வசதி இருக்கு. அந்தக் கட்டளையில 'அட்' குறி போட்டு ஒரு கோப்போட பேரைக் கொடுத்தா, அந்தக் கோப்புக்குள்ள இருக்கறதை எடுத்து வெச்சுக்கும். கட்டளையைப் பிரிச்சுப் படிக்கற நூலகத்துல இருந்த பழைய வசதி அது. லாகின் பண்ணாதவன்கூட சர்வர்ல இருக்கற கோப்புகளோட முதல் சில வரிகளைப் படிக்க முடிஞ்சுச்சு. படிக்கற அனுமதி இருந்தா முழுக் கோப்பும். சி.ஐ. சர்வர்ங்கிறது மத்த எல்லா சர்வரோட சாவியும் தொங்கற ஆணி. அதுல கோப்பைப் படிக்க முடிஞ்சா சாவிக்கொத்தையே எடுத்த மாதிரி.

இதுக்கான திருத்தம் வந்தது 2024 ஜனவரி 24. 2.442, நீண்டகால வரிசையில 2.426.3. அந்த மாசக் கடைசியில, ஓட்டையை அடைக்காம இணையத்துல திறந்து கிடந்த ஜென்கின்ஸ் சுமார் 45,000ன்னு ஷேடோசர்வர் கணக்கெடுத்துச் சொல்லுச்சு. வங்கிகள் நின்னது ஜூலை 31. இடையில ஆறு மாசம். ஆறு மாசத்துல ஒரு நாள், ஒரு ஆள், ஒரு மணி நேரம் உக்காந்திருந்தா ஓட்டையை அடைச்சிருக்கலாம்.

இந்த மாதிரி வங்கிகள்ல யார் கணக்கு வெச்சிருப்பாங்கன்னு எங்க ஊர்க்காரங்களுக்குச் சொல்லணுமா? ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏத்தறவர், நிலக்கோட்டைக்கு விடிகாலையில பூ கொண்டு வர்றவர் மாதிரி ஆளுங்க. அவங்களுக்கு ஜென்கின்ஸ்னா என்னன்னே தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. தெரிஞ்சிருக்க வேண்டியவங்க நாம.

*

"அதான் பாஸ், ஜென்கின்ஸே வேண்டாங்கறோம். வாடகைக்கு எடுத்தா அவங்களே பாத்துப்பாங்க"ன்னு ஒரு கோஷ்டி கிளம்பும். வாங்க, உங்ககிட்டயும் வர்றேன்.

ட்ராவிஸ் சி.ஐ. ஞாபகம் இருக்கா? ஓப்பன் சோர்ஸ் மக்களுக்கெல்லாம் இலவசமா ஓட்டிக் கொடுத்த புண்ணியவான். 2019ல கை மாறிச்சு. 2020 நவம்பர்ல விலைப்பட்டியல் மாறிச்சு. 2021 ஜூன்ல அந்த இலவசத் தளத்தையே மூடிட்டாங்க. அதே வருசம் செப்டம்பர்ல ஒரு வாரம், பொதுத் திட்டங்கள்ல ரகசியமா வெச்சிருந்த சாவிகள் நகல் எடுத்த யாருக்கும் தெரியற மாதிரி ஓட்டை. கிட்லேப் 2020 அக்டோபர்ல இலவச நிமிஷத்தை மாசம் 2,000ல இருந்து 400ஆக் குறைச்சுது. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ்ல 2025 மார்ச்ல என்னாச்சு? 23,000க்கும் மேற்பட்ட திட்டங்கள் பயன்படுத்தின ஒரு சின்னத் துணை நிரலை எவனோ கைப்பற்றி, பழைய பதிப்பு எண்களையெல்லாம் தன் விஷக் கோடு பக்கம் திருப்பி விட்டான். பதிப்பு எண்ணை நம்பி இருந்தவங்களோட ரகசியங்கள் பில்டு லாக்ல கொட்டிச்சு. குறிப்பிட்ட கமிட்டோட முழு ஹாஷைப் போட்டு வெச்சவங்க தப்பிச்சாங்க. அதைப் போட்டு வெச்சது யாரு? அங்க அதைப் பாத்துக்கறதுக்குன்னு ஒரு ஆள் இருந்திருக்கார்.

வாடகை வீட்டுக்குப் போனா சுண்ணாம்பு அடிக்கற வேலை மிச்சம். கதவைப் பூட்டற வேலை மிச்சமாகாது.

இன்னொரு கோஷ்டி: "சின்ன கம்பெனி பாஸ், இதுக்குன்னு ஆள் போடக் கட்டுப்படியாகாது." யாரு ஆள் போடச் சொன்னா? வாரம் ஒரு மணி நேரம். அதுவும் முடியாதுன்னா மாசம் ஒருத்தர்னு முறை வெச்சு போர்டுல பேர் எழுதுங்க. பதினோரு பில்லுக்காக எங்க டீம் மொத்தமும் ரெண்டு வாரம் உக்காந்தோம். அது மட்டும் கட்டுப்படியாச்சா?

லேட்டஸ்ட் கோஷ்டி: "இப்பதான் ஏ.ஐ. இருக்கே, சிவப்பு வந்தா அதுவே சரி பண்ணிடும்." அதுகிட்ட 'இதைப் பச்சையாக்கு'ன்னு சொன்னீங்கன்னா, பச்சையாக்கறதுக்கு ரெண்டு வழி இருக்கு. கோடைத் திருத்தலாம், சோதனையைத் திருத்தலாம். எந்த வழியில போச்சுன்னு பாக்க ஒரு ஆள் வேணும். நாங்க மனுசங்களே நாலு வாரம் பட்டனை அமுக்கினவங்க.

*

சரி, திட்டினது போதும், என்னதான் பண்றதுன்னு கேக்கறீங்களா? ஜூனியர்கிட்ட சொன்னதை அப்படியே போடறேன்.

1. முதல்ல ஒரு பேர். சர்வரைத் தேர்ந்தெடுக்கறதுக்கு முன்னாடி ஆளைத் தேர்ந்தெடு. அந்த ஆளுக்கு சர்வரைப் புதுப்பிக்கத் தெரியும், நேரமும் இருக்குன்னா ஜென்கின்ஸ் வை, தங்கமான பொருள். நேரம் இல்லையா, வாடகைக்கு எடு. பேரே இல்லையா, எதையும் வைக்காதே. கவனிக்காம விட்ட சி.ஐ. இல்லாத சி.ஐ.யைவிட மோசம். இல்லேன்னா 'இல்லை'ன்னு தெரிஞ்சாவது ஜாக்கிரதையா இருப்பீங்க.

2. ஜென்கின்ஸ்னா, இணையத்துல நேரா திறந்து வைக்காதே, வி.பி.என்.க்குப் பின்னாடி வை. முதன்மைப் பொட்டியிலயே பில்டு ஓட்டாதே, அதுக்குத் தனி ஏஜென்ட் போடு. பாதுகாப்பு அறிவிப்பு மெயில் அந்த ஒரு ஆளுக்குப் போகணும். பிளக்-இன் எவ்வளவு கம்மியோ அவ்வளவு நிம்மதி. ஜாவா பதிப்பையும் பாரு: 2022ல ஜாவா 11 கேட்டாங்க, 2024 அக்டோபர்ல வந்த 2.479.1ல இருந்து 17 கேட்டாங்க. வருசக்கணக்கா தூங்கிட்டு ஒரே நாள்ல புதுப்பிச்சா எல்லாம் உடையும். அதைப் பாத்துட்டு 'ஜென்கின்ஸ் சரியில்லை'ன்னு அது மேல பழி போடாதே.

3. வாடகைன்னா, பில்டு செய்யற படிகளையெல்லாம் உன் சொந்த ஸ்கிரிப்ட்ல எழுதி கோடோட வை. சேவையோட கோப்புல அந்த ஸ்கிரிப்டைக் கூப்பிடற ரெண்டு வரி மட்டும் இருக்கட்டும். நாளைக்கு வாடகை ஏறினா ஒரே நாள்ல மூட்டை கட்டலாம். வெளியாள் எழுதின துணை நிரல்னா பதிப்பு எண் வேண்டாம், முழு ஹாஷ். பில்டுக்குத் தேவையில்லாத ஒரு சாவியும் அங்க இருக்கக் கூடாது.

4. சிவப்பு வந்தா, 'மறுபடி ஓட்டு' அமுக்கறதுக்கு முன்னாடி ஒரு வரி காரணம் எழுது. காரணம் தெரியலையா, 'தெரியலை'ன்னு எழுது. மூணு நாள் சேர்ந்தாப்ல 'தெரியலை'ன்னு இருந்தா எவனுக்கும் உறுத்தும். நாங்க இதைச் செஞ்சிருந்தா மார்ச் முதல் வாரத்துலயே முடிஞ்சிருக்கும்.

5. கோடைத் தோண்டறதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது: எப்ப ஃபெயில் ஆகுது, எந்தப் பொட்டியில ஆகுது? குறிப்பிட்ட நேரத்துல மட்டும்னா கடிகாரத்தைப் பாரு. குறிப்பிட்ட பொட்டியில மட்டும்னா டிஸ்க், மெமரி, ஜாவா பதிப்பு. தனியா ஓட்டினா பாஸ், சேத்து ஓட்டினா ஃபெயில்னா ஒரு சோதனை விட்டுட்டுப் போன குப்பையை இன்னொண்ணு மிதிக்குது. இதெல்லாம் பாத்து முடிச்சப்புறம் கோடுக்குள்ள போ.

*

எங்க ஊர் பூட்டு தெரியுமில்ல? 2019ல திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கொடுத்தாங்க. நாகல் நகர் பக்கம் கையால செய்யற பூட்டு. அலிகார் பூட்டு வந்து விலையில அடிச்சதுல இப்ப பட்டறைகள் கம்மியாயிடுச்சு, அது தனிப் புலம்பல். எங்க தாத்தா காலத்துல மாங்காய்ப் பூட்டு வாங்கினா, வீட்டுக்கு வந்ததும் முதல் பேச்சு 'சாவி யாருகிட்ட இருக்கும்'ங்கிறதுதான். அப்பத்தா இடுப்புல சொருகிக்கும். அதுக்கப்புறம் வீட்டுல ஒரு பொருள் காணோம்னா அப்பத்தாவைத்தான் கேப்பாங்க. அப்பத்தாவும் பதில் சொல்லும்.

லட்சக்கணக்குல சம்பளம் வாங்கற நாம பதினாலு காலம் போட்டுப் பூட்டை வாங்கறோம். சாவியைப் பூட்டுலயே தொங்க விட்டுட்டு வீட்டுக்குப் போறோம்.

நேத்து ஜூனியர் மறுபடி போன் பண்ணினான். "அண்ணே, எங்க அஞ்சு பேர்ல யாரும் முன்வரலை. அதனால மாசம் ஒருத்தர்னு சீட்டு குலுக்கிப் போட்டோம். முதல் மாசம் என் பேர்தான் வந்துச்சு."

"எந்த சர்வர்டா வைக்கறீங்க?"

"அதை இன்னும் முடிவு பண்ணலைண்ணே."

பரவால்ல, பயபுள்ள தேறிடுவான் :-)

டிஸ்கி: அந்த மில் கிளார்க் அண்ணன்கிட்ட தப்பு எங்களோடதுன்னு அக்கவுண்டன்ட் சார் முன்னாடியே சொல்லி மன்னிப்பு கேட்டேன். "விடுங்க தம்பி, மிஷினுதானே"ன்னார். மிஷின் சரியாத்தாண்ணே சொல்லுச்சுன்னு சொல்ல அன்னைக்கு எனக்கு வாய் வரலை. அதான் இங்க எழுதிட்டேன்.